ஒளிரும் மீனும் பாலாற்றுத் தீர்ப்பும்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தோல் ஆலைகளைப் பற்றிய தீர்ப்பென்றே நம் வட்டாரத்தார் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் கிணற்று நீர் கரித்துப்போனதைக் கண்ணால் கண்டவர்கள் வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்ள நியாயமும் இல்லை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமர்ந்த ஆயம், டேனரிகள் நிறைந்த இப்பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற கணக்கைத் தன் தீர்ப்பிலே குறித்து, ஆலை ஒன்றுக்கு ரூ.10,000 அபராதமும் விதித்தது. ஆயினும், அத்தீர்ப்பை இன்று சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் படிப்பது அபராதத்துக்காக அன்று. முன்னெச்சரிக்கை நியாயம் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம் என்று முதன்முறையாக அங்கேதான் உறுதியாக வரையறுக்கப்பட்டது. சூழலுக்குக் கேடு வருமுன்பே அதன் காரணத்தைக் கண்டு தடுப்பது அரசின் கடமை. கடுமையானதும் மீட்கமுடியாததுமான கேடு வரக்கூடிய இடத்தில், விஞ்ஞான நிச்சயம் இன்னும் கிட்டவில்லை என்று சொல்லித் தடுப்பைத் தள்ளிப்போடலாகாது. தன் செயலால் தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் செயலைச் செய்பவனையே சாரும். இவையே அந்நியாயத்தின் மூன்று கூறுகள்.

பாலாற்று மக்களின் துன்பத்திலிருந்து பிறந்த இந்த நியாயம், இன்று நம் வீட்டுக் கூடங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்து நீந்துகிற, இரண்டங்குல நீளமும் எட்டாத ஒரு மீனுக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருந்துவது மட்டுமன்று, வேறெந்தப் பிரதேசத்தைக் காட்டிலும் இராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் வாழும் நாம் அதை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் கருதுகிறோம். சோளிங்கரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

முதலில் அந்த ஒளியின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் கடைக்காரர் சொல்லும் வரலாறு மிகச் சுருக்கமானது. வட பசிபிக் கடலில் வாழும் ஒரு சொறிமீனிலிருந்து, நீல ஒளி பட்டால் பச்சை ஒளியை உமிழும் ஒரு புரதத்தை ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பிரித்தெடுத்து வெளியிட்டார். அப்புரதத்தை ஆக்கும் மரபணுவை 1992-இல் டக்ளஸ் பிராஷர் படியெடுத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதனைப் பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் புகுத்தி அவற்றை ஒளிரச் செய்தார். ரோஜர் சியென் அதிலிருந்து பல வர்ணங்களை வருவித்தார். ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் 2008-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பவள இனத்தைச் சேர்ந்த வேறொரு கடற்பிராணியிலிருந்து சிவப்பொளிப் புரதமும் 1999-இல் கிடைத்தது. இருட்டில் தானாகச் சுடர்விடும் மின்மினியின் ஒளியோடு இதைச் சேர்த்து எண்ணலாகாது. மேலே விழும் நீல ஒளியை வாங்கி வேறு வர்ணமாகத் திருப்பித் தருவது மட்டுமே இப்புரதத்தின் தொழில். ஆகவேதான் கடைகளில் இம்மீன்களின் தொட்டிக்கு மேலே நீல விளக்கு தொங்குகிறது. ஆராய்ச்சிக்காரருக்கு இதனால் விளைந்த பிரயோஜனம் அளவிறந்தது. உயிருள்ள ஒரு பிராணியைக் கொல்லாமல், அறுக்காமல், அதன் உடலுக்குள் எந்த மரபணு எப்போது விழித்துக்கொள்கிறது, எந்த உயிரணு எங்கே நகர்கிறது என்பதைக் கண்ணாரக் காண அது வழி செய்தது.

இந்த வழியைக் கொண்டு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீயுவான் கோங் என்பவரும் அவருடைய சகாக்களும் ஜீப்ரா மீனின் தசையில் அப்புரதம் உண்டாகும்படி செய்தார்கள். அவர்கள் உத்தேசித்தது தண்ணீரில் கலந்துள்ள நஞ்சைக் கண்டறியும் மீன் ஒன்றை உண்டாக்குவது. குறித்த மாசு நீரில் இருக்கும்போது மட்டும் மீன் ஒளிரவேண்டும், மாசு நீங்கினால் ஒளியும் நீங்கவேண்டும் என்பது அவர்களுடைய குறிக்கோள். எப்போதும் ஒளிரும் மீன் அந்த நெடும் பாதையில் ஒரு முதற்படி. அந்த முதற்படியைத்தான் டெக்சஸ் மாகாணத்து யார்க்டவுன் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி உரிமம் பெற்று, குளோஃபிஷ் என்று பெயரிட்டு, 2003-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அமெரிக்கச் சந்தையில் விற்கத் தொடங்கிற்று. 2017-இல் அந்த வியாபாரம் ஸ்பெக்ட்ரம் பிராண்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. மீன் வகைகளும் பெருகின. ஜீப்ராவோடு விடோ டெட்ராவும் புலி பார்பும் சேர்ந்தன. தண்ணீரின் நஞ்சை உலகுக்கு அறிவிக்கப் பிறந்த ஒரு பிராணி, நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விதமாக ஒளிர்கிற அலங்காரப் பொருளாக நின்றுவிட்டது. குரோமிய உப்பு எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று அறியக் கால் நூற்றாண்டுக்கு மேல் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய ஜனங்களுக்கு இந்தத் திசைமாற்றம் வருத்தம் தராமல் இராது. அக்கருவி நமக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்ததோ அதன் மினுமினுப்பு மாத்திரமே.

ஆக்ஸலாட்டில் என்ற மெக்சிகோ நாட்டுப் பிராணியின் கதை இதைவிடத் துயரமானது. வாலுள்ள நீர்நிலப் பிராணிகளுள் ஒன்றாகிய அது, தன் ஆயுள் முழுவதும் குஞ்சுப் பருவத்துச் செவுள்களோடு நீரிலேயே இருந்துவிடுகிறது. வெட்டுண்ட கால் அதற்கு எலும்பும் நரம்புமாக மறுபடி முளைக்கிறது. 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோன 34 பிராணிகளிடமிருந்தே உலகத்து ஆய்வுக்கூடங்களில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை வழிவழியாக வந்தவை. முளைக்கும் காலில் எந்த உயிரணு எதுவாக மாறுகிறது என்று பின்தொடர்வதற்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் இரண்டாயிரத்துக்குப் பின் அதனை ஒளிரச் செய்தார்கள். அந்த ஆய்வுக்கூட வம்சம் வெளியே வந்து, இன்று அமெரிக்காவில் வீட்டுத் தொட்டிகளில் பச்சையாக ஒளிர்கிறது. அதே காலத்தில், மெக்சிகோ நகரை அடுத்த ஷோச்சிமில்கோ வாய்க்கால்களில், 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்ட ஆக்ஸலாட்டில் 2014-இல் 36 ஆகக் குறைந்தது. தொட்டிகளில் லக்ஷக்கணக்கில் பெருகியும் தன் சொந்த நீரில் அது அழியும் தறுவாயில் நிற்கிறது. நம் நாட்டில் அப்பிராணி சர்வதேச வாணிப உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளதாகையால், 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் அடங்கும். வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்யவேண்டும். பதினாறு முதல் பதினெட்டுப் பாகை வெப்பத்தில் நலமாக வாழும் அதைச் சித்திரை மாதத்தில் நாற்பது பாகையைத் தாண்டும் நம் வட்டாரத்தில் குளிர்ப்பெட்டி இல்லாமல் வளர்ப்பது சிறுகச் சிறுகக் கொல்வதற்குச் சமம். அதைப் பற்றி அதற்குமேல் இங்கே விவாதிக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் உண்மையாக விற்பனையில் இருப்பது மீன்.

சென்னைக் கொளத்தூரையும் அதைச் சுற்றிய மாதவரம், செங்குன்றம், பொன்னேரிப் பகுதிகளையும் அறியாத வண்ண மீன் வியாபாரி இந்தியாவில் இரார். மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் ஏஞ்சலும் பைட்டரும் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அது கண்ணியமான வருமானமாக இருந்துவருகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அங்கே வண்ண மீன் வர்த்தகத்துக்கென்றே ஒரு பெரிய கட்டடம் எழுப்பியிருப்பதும் இத்தொழிலின் முக்கியத்துவத்தை உணர்த்தும். பாலிதீன் பையில் ஆக்ஸிஜன் அடைத்து அங்கிருந்து புறப்படும் மீன்களுள், 'குளோ டெட்ரா' என்றும் 'குளோ ஃபிஷ்' என்றும் விற்கப்படுவனவும் சில ஆண்டுகளாகக் கலந்து வருகின்றன. இவை எங்கிருந்து வந்த வம்சம் என்று விற்பவரும் அறியார், வாங்குபவரும் கேட்பதில்லை.

இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் பிரகடனம் செய்யப்பட்ட விதிகளின்படி, மரபணு மாற்றிய எந்த உயிரியையும் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதியின்றி இறக்குமதி செய்யவோ, கொண்டுசெல்லவோ, உற்பத்தி செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ கூடாது. நுண்ணுயிருக்கும் பயிருக்கும் மட்டும் ஏற்பட்ட விதி என்று இதைச் சிலர் கருதுகிறார்கள். அது சரியன்று, விதி உயிரி என்றே பொதுவாகக் கூறுகிறது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது, பி.டி. கத்தரிக்காய் 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது; அதைப் பற்றி நாடு முழுவதும் கூட்டம் நடந்தது, குடியானவரும் விஞ்ஞானியும் மேடையேறிப் பேசினார்கள். அலங்கார மீன் எதற்கும் அத்தகைய அனுமதி வழங்கப்பட்டதில்லை. ஒரு கத்தரிக்காய்க்காக அத்தனை விவாதம் நடத்திய தேசத்தில், ஒரு பிராணி ஒரு வார்த்தையும் கேட்கப்படாமல் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஞ்ஞானம் புதிதன்று என்பதையும் இங்கே நினைவூட்டவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தி. ஜெ. பாண்டியனும் அவருடைய மாணவர்களும் 1991-லேயே மரபணு மாற்றிய மீனை உண்டாக்கினார்கள். பின்னர் ரோகு மீனின் வளர்ச்சி மரபணுவையே எடுத்து ரோகுவுக்குள் செலுத்தி, குறைந்த தீவனத்தில் விரைந்து வளரும் வம்சத்தை 2004-இல் விவரித்தார்கள். ஏழையின் சோற்றுக்குக் குழம்பு மீன் தரக்கூடிய அந்த ரோகு, ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டிக் குளத்துக்கு வரவில்லை. ஆராய்ந்து பிரசுரித்து, விதியை மதித்து, உள்ளேயே நிறுத்திவைத்தவர்களின் மீன் வெளியே வராமல் இருக்க, யாருடைய ஆராய்ச்சிக்கும் உட்படாத மீன் கடைவீதியில் விலைக்குக் கிடைப்பதை எந்த நியாயத்தைக்கொண்டு சமாதானம் செய்வது? சட்டத்தை மதித்தவனுக்குத் தடையும் மதியாதவனுக்குச் சந்தையும் என்ற நிலை நீடிக்குமானால், நாளை எந்த நேர்மையான விஞ்ஞானி அனுமதிக்கு விண்ணப்பிப்பான்?

மறுதரப்பின் வாதம் அற்பமானதன்று. அதன் முழு வலிமையோடு அதை எடுத்துவைக்கவேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 டிசம்பரில், இம்மீன்கள் உணவாகப் பயன்படாதவை என்றும், நெடுங்காலமாக அந்நாட்டில் விற்கப்பட்டுவரும் சாதாரண ஜீப்ரா மீனைக் காட்டிலும் இவற்றால் சூழலுக்கு அதிக அபாயம் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்றும் சொல்லி, தனியே ஒழுங்குபடுத்தத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோவர்டும் வில்லியம் மியூரும் சகாக்களும், ஒளிரும் ஜீப்ரா மீனையும் சாதாரண மீனையும் ஒரே நீரில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்து, இணை சேரும் போட்டியில் ஒளிரும் ஆண் தோற்றுப்போவதால் பதினைந்து தலைமுறைக்குள் அந்த மரபணு ஏறத்தாழ மறைந்துபோவதை 2015-இல் காட்டினார்கள். பளிச்சென்று தெரியும் மீனை இரைதேடும் பெரிய மீன் எளிதில் கண்டு விழுங்கிவிடுகிறது என்பதையும் வேறு சோதனைகள் மெய்ப்பித்துள்ளன. இன்னும் ஒன்றுண்டு, அதைக் கொளத்தூர்த் தொழிலாளிகளே சொல்லக் கேட்கலாம். கண்ணாடி மீனுக்கும் வெள்ளை டெட்ராவுக்கும் ஊசியால் சாயம் ஏற்றியும், சருமத்துப் பூச்சை அமிலத்தால் அகற்றிச் சாயத் தொட்டியில் முக்கியும் விற்பது இவ்வணிகத்தின் பழைய கொடுமை. பல மீன்கள் அதில் இறந்துபோகும், பிழைத்தவற்றின் வர்ணமும் சில மாதத்தில் வெளுத்துவிடும். பிறவியிலேயே வர்ணத்தோடு பிறக்கும் மீனுக்கு அந்த வேதனை இல்லையே, இது ஜீவகாருண்யத்துக்கு உகந்ததல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியில் உண்மை உண்டு. ஒளிரும் மீனுக்கு ஒளியினால் வலி உண்டாவதாக நாம் கருதவில்லை. சாய ஊசியைக் காட்டிலும் அது மேலானது என்பதிலும் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் அமெரிக்க அபயவாக்கு நம் நாட்டுக்குச் செல்லாது. ஜீப்ரா மீன் அமெரிக்காவுக்கு அந்நியம், நமக்கோ சொந்தம். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்ட்டன் கங்கையின் மீன்களைப் பற்றி எழுதிய நூலில்தான் அது முதன்முதல் விவரிக்கப்பட்டது. கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் இன்றும் அது சுயேச்சையாக வாழ்கிறது. அயல்நாட்டில் தப்பிய ஒளிர் மீன் இணை தேடி அலைந்து சாகலாம். இங்கே தப்பியதற்கோ இணை ஒவ்வோர் ஓடையிலும் காத்திருக்கிறது. உலகத்து ஆய்வுக்கூடங்களெல்லாம் இம்மீனின் வம்சங்களைக் கொண்டு மனித நோய்களை ஆராய்ந்துவரும் இக்காலத்தில், அதன் இயற்கை மரபு கலப்பின்றி இருப்பது இந்தியாவின் பொறுப்பிலுள்ள ஒரு நிதி. பர்டியூ சோதனை ஆறுதலளிப்பதே. ஆனால் அது தொட்டிக்குள் நடந்தது. பிரேசில் நாட்டில் இம்மீன்களின் விற்பனை தடை செய்யப்பட்டிருந்தும், மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்து முரியாயே என்ற அலங்கார மீன் பண்ணைப் பிரதேசத்தின் ஓடைகளில், தப்பிப்போன சிவப்பும் பச்சையுமான ஜீப்ரா மீன்கள் நாட்டுப் பூச்சிகளையும் பாசியையும் தின்று, ஆண்டு முழுவதும் முட்டையிட்டுப் பெருகுவதை ஆந்திரே மகல்யாயிஸும் சகாக்களும் 2022-இல் வெளியிட்டார்கள். வெப்பமண்டலம், பண்ணைகள் நெருங்கிய ஊர், காவலற்ற வாய்க்கால் என்ற மூன்றும் அங்கே கூடியிருந்தன. இம்மூன்றும் நம்மிடத்தும் உண்டு.

இங்கே ஒரு வேற்றுமையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் கடைகளில் அதிகம் விலையாகும் குளோ டெட்ரா, தென் அமெரிக்கப் பராகுவே ஆற்றுப் பிரதேசத்து மீன். அதன் குடும்பத்தார் ஆசியக் கண்டத்தின் இயற்கையான நீர்நிலை எதிலும் இல்லை. ஆகவே நம் நாட்டு மீனோடு அது கலந்து சந்ததி உண்டாக்கும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஜீப்ராவைப் பற்றிய ஆட்சேபம் டெட்ராவுக்கு அப்படியே பொருந்தாது. டெட்ராவைப் பற்றி எழும் கேள்வி, அந்நியமான மீன் எதைப் பற்றியும் எழும் கேள்விதான். அதற்கு நம் ஏரிகளே பதில் சொல்லும். 1952-இல் கொண்டுவந்த ஜிலேபி மீனைப் பற்றித் தமிழ்நாட்டு மீனவரிடம் கேட்டால், எந்த ஏரியில் எந்த நாட்டு மீன் அதன் பிறகு அரிதாயிற்று என்று விரல்விட்டுச் சொல்வார். கொசுவை ஒழிக்கவென்று விட்ட கம்பூசியா, கொசுவோடு நிற்காமல் மீன் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் தின்றது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்றும் குட்டைகளில் வளர்க்கப்படுகிறது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்டுவிட்ட 'டேங்க் கிளீனர்' மீன் வலையைக் கிழிக்கிறது. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஆறுகளில் அமேசானின் அரபைமா வலையில் சிக்கிற்று. இவற்றுள் ஒன்றையேனும் கொண்டுவந்தவர் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவந்ததாகச் சொல்வதற்கில்லை. ஒன்றையேனும் பின்னர் திருப்பி அழைத்துக்கொள்ள முடிந்ததாகவும் சொல்வதற்கில்லை.

நம் வட்டாரத்தின் நீரமைப்பு இவ்விஷயத்தில் மிகுந்த கவனத்துக்குரியது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். ஆனால் ஓரேரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்படி முன்னோர் அமைத்த ஏரித் தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறது. மழை பொய்க்கும் காலத்தில் இரண்டு குட்டைகளுக்கு இடையே ஒரு மீனும் போகமுடியாது. 2021 நவம்பரைப் போன்ற வெள்ளம் வந்தாலோ, கோட்டை அகழியும் வயல் குட்டையும் வீட்டுக் கொல்லைத் தொட்டியும் ஆறும் ஒரே நீராகிவிடுகின்றன. சோளிங்கர் மலையடிவாரத்துக் குளங்களில் யாத்ரீகர்கள் பொரி தூவி மீனுக்கு உணவளிப்பது பரம்பரை வழக்கம். வளர்க்க முடியாத மீனைக் கொல்ல மனமில்லாமல் கோயில் குளத்தில் விட்டுவிடுவதும் அதே பக்தியின் கிளை. அம்மனப்பான்மை நமக்குப் போற்றத்தக்கது. ஆயினும் கோயில் குளத்தில் விட்ட மீன் வெள்ளத்தில் ஏரிக்குப் போகும், ஏரியிலிருந்து ஆற்றுக்குப் போகும் என்பதை யாத்ரீகர்களுக்கு எடுத்துச் சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை.

முன்னெச்சரிக்கை நியாயம் கடுமையானதும் மீட்கமுடியாததுமான கேட்டைப் பற்றியே பேசுகிறது; ஒரு டெட்ராவினால் அத்தகைய கேடு வரும் என்று எவரும் காட்டவில்லையே என்று கூர்ந்த வாசகர் ஆட்சேபிக்கலாம். இதுவே இவ்விவாதத்தின் மையமான முடிச்சு என்று கருதுகிறோம். ஜிலேபி மீனைக் காட்டிலும் குளோ டெட்ரா தீங்கு குறைந்தது என்று ஒரு நாள் நிரூபிக்கப்பட்டாலும் நாம் வியப்படையமாட்டோம். ஆயினும் கேட்டின் கடுமை ஒரு கேள்வி, மீட்கமுடியாமை வேறொரு கேள்வி. தோல் ஆலையின் உப்பை, பெருஞ்செலவிலேனும், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் குறைக்கலாம். ஆலையை மூடினால் அன்றே கழிவு நிற்கும். தானே பெருகும் உயிருக்கு மூடுவதற்கு வாசல் இல்லை. அப்படியிருக்க, அனுமதி கோரி, சோதனைக்கு உட்பட்டு, தீங்கில்லை என்று காட்டவேண்டிய பாரம் கொண்டுவந்தவரைச் சார்ந்ததா, அல்லது தீங்கு உண்டென்று காட்டவேண்டிய பாரம் ஏரிக்கரைக் குடியானவனைச் சார்ந்ததா என்பதே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தீர்த்துவைத்த கேள்வி. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டு வந்த ஆலைகள், ஏற்றுமதிக் கொள்கை எழுபதுகளில் மாறியபின் குரோமியத்துக்குப் பெருமளவில் திரும்பியபோது, அந்தப் பாரத்தை யார்மேல் சுமத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாமற்போன அக்கேள்வியின் விலையைக் கிணறுகள் கொடுத்தன. 2025 ஜனவரி 30-ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுதவேண்டியிருந்தது என்பதே, கேள்வியைப் பின்னால் கேட்பதற்கும் முன்னால் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

மனிதன் மீனின் உருவை மாற்றுவது நேற்று ஏற்பட்ட வழக்கமா, சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெண்டை இனத்திலிருந்து தங்க மீனை உண்டாக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். உண்மை, ஒளிரும் மீன் இயற்கைக்கு மாறானது என்ற ஒரே காரணத்தால் அதை வெறுப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. தங்க மீனைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவன் தன் கண்ணெதிரே, தலைமுறைக்கு ஓர் அடியாக நடந்தான்; தான் செய்வதை அறிந்து செய்தான்; அதன் குஞ்சும் அவனுடையதே. குளோஃபிஷ் கம்பெனியோ தன் மீனை வாங்கியவர் வேண்டுமென்றே குஞ்சு பொரிக்கச் செய்து விற்பதை அனுமதிப்பதில்லை. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு பிராணிகளுக்குக் காப்புரிமை தருவதை விலக்கியிருப்பதால் கொளத்தூர்த் தொழிலாளியை அக்கம்பெனி இங்கே துரத்துவது எளிதன்று. எனினும் ஏற்றுமதி செய்ய நினைத்தால் அவருடைய சரக்குக்குப் பிறதேசத்து வாசல்கள் மூடியே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இம்மீனை அனுமதிப்பதில்லை. ஜப்பானில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேறிய சிவப்பொளி மெடாக்கா மீன்களை வளர்த்து விற்றவர்களை 2023 மார்ச்சில் போலீசார் கைது செய்தார்கள். மூட்டையில் ஒரு குளோ மீன் கலந்திருந்தாலும் முழுச் சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும் நிலையில், இம்மீன் கொளத்தூர்த் தொழிலுக்கே ஆபத்து என்பதைத் தொழிலாளிகள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் ஜப்பானிய வழி நமக்கு உகந்ததன்று. 2023-இல் திருத்தப்பட்டபடி சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ரூ.10,000 முதல் 15 லட்சம் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சிமென்ட் தொட்டி நான்கு வைத்துப் பிழைக்கும் ஒரு விதவையின் மேல் அதைப் பிரயோகிப்பது அக்கிரமம். அவர் வாங்கிய தாய்மீன் சாயம் ஏறியதா மரபணு மாற்றியதா என்பதை அவர் கண்டறிய வழியே இல்லை. கண்டறிவது விஞ்ஞானத்துக்குச் சுலபம். செதிலில் ஒரு துணுக்கு எடுத்து மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை சாதாரண ஆய்வுக்கூடத்தில் நடக்கும். நாகப்பட்டினத்தில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் கொளத்தூரில் அச்சோதனையை இலவசமாக நடத்தி, தாய்மீனைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு மாற்று மீனோ விலையோ கொடுத்தால், ஓராண்டில் தெளிவு பிறக்கும். 1989-ஆம் ஆண்டு விதிகளிலேயே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. இராணிப்பேட்டை மாவட்டம் 2019-இல் பிறந்தது, அதன் குழுவின் முதற்கூட்டம் இப்பொருளைப் பற்றியதாக இருக்கலாம். இறக்குமதியாகும் தாய்மீனைச் சோதிக்கும் பொறுப்பு விமான நிலையத்தைச் சேர்ந்தது; தண்டம் என்று ஒன்று விதிப்பதானால் அங்கே, பெட்டி பெட்டியாக அறிந்தே கொண்டுவருபவர்மேல் விதிக்கவேண்டும்.

மாசைக் காட்டும் மீனை ஆராயத் துணிபவருக்குக் கதவு திறந்திருக்கவேண்டும் என்பதையும் இதே மூச்சில் சொல்கிறோம். மூடிய ஆய்வுக்கூடத்தில், அனுமதி பெற்று, இராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீரில் ஒரு ஜீப்ரா மீன் குஞ்சு ஒளிர்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியை வேலூரிலேயே நடத்தலாம்; கோங் தொடங்கிய வேலை அங்கேதான் தன் உரிய இடத்தை அடையும். வீட்டில் ஏற்கெனவே குளோ மீன் வைத்திருப்பவர் அதைக் குளத்திலோ ஏரியிலோ சாக்கடையிலோ விடாமல், குஞ்சு பொரிக்க இடம் கொடாமல், அதன் ஆயுள் முடியும்வரை தொட்டியிலேயே நல்லபடி வைத்துக் காப்பாற்றவேண்டும். தொட்டி நீரை மாற்றும்போது முட்டையும் குஞ்சும் வாய்க்காலுக்குப் போகாதபடி அந்நீரை வெயில் காயும் மண்ணில் ஊற்றிவிடலாம்.